விமானத்தின் நான்கு காதுகள்

கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நான்காம் வகுப்போடு நின்றவன். சின்ன ரகரமும் பெரிய றகரமும் என்னிடம் எப்போதும் இடம் மாறித்தான் உட்காரும். படிக்கிறவர் அவற்றை எழுப்பி அதனதன் இடத்தில் உட்கார வைத்துப் படிக்கவும்.

போன ஆயுத பூஜையன்று நம் பஸ் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் என்னை எழுந்து பேசச் சொன்னீர்கள். நான் பொரியை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியே போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போனதாகச் சிலர் நினைத்தீர்களாம். கோபம் எதுவும் இல்லை. கூட்டத்தில் எனக்கு வாய் வராது. கண் மங்கி வேலையிலிருந்து நின்ற பிறகாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

நீங்கள் கேட்டது அந்த விமானத்தைப் பற்றி. அது சேலம் வரைக்கும் போய் வந்தது என்றும், தீர்த்தமலையில் மோதியது என்றும், துரைமார்கள் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்றும் டீக்கடையில் சொல்கிறார்கள். மூன்றும் நடக்கவில்லை. யுத்தம் வந்ததும் பெட்ரோல் கிடைக்காமல் கிடங்கிலேயே நின்றது. றெக்கைத் துணியை எலி தின்றுவிட்டது. அதன் முடிவு அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது.

அதற்கும் முன்னால் ஒரு பஸ் கதை. நான் ஷெட்டில் பிட்டராகச் சேர்ந்த புதிதில், ஒரு வண்டியின் பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கியில் விரிசல் பார்த்தேன். அன்று காரிமங்கலம் சந்தை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“சந்தைக்குப் போயிட்டு வரட்டும்டா. அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

“இல்லீங்க, அது வந்துங்க” என்று ஆரம்பித்தேன். எனக்கு ‘அது வந்துங்க’வுக்கு அடுத்த வார்த்தை கிடைப்பதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சந்தை வாசலில் கொக்கி உடைந்து, பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து புளிக் கூடைகள் மேல் உட்கார்ந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புளிக்குத்தான் ஆனது. “ஏண்டா நீ அழுத்திச் சொல்லல?” என்று முதலாளி கேட்டார். “அது வந்துங்க” என்றேன்.

நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். எனக்கு அது ஆகாது என்று அன்றே தெரிந்துவிட்டது. வேறு ஏதாவது வழி வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

விமானத்துக்கு வருகிறேன். பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே, சித்தேரி மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பண்ணை வீடு. அந்த வீட்டுப் பிள்ளை மதராஸில் படித்துவிட்டு வந்தவர். ஊரில் சின்னையா என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒருநாள் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பிடி செய்ய வேண்டும் என்று ஷெட்டுக்கு வந்தார். செய்து கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் என்னைச் சில மாதம் இரவல் கேட்டார். கிணற்று எஞ்சின் வேலை என்று நினைத்துக்கொண்டு அரங்களை எடுத்துக்கொண்டு போனேன்.

கடலைக்காய்க் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மர எலும்புக்கூடு நின்றது. ஒரு ஆள் உட்காரும் இடம், இரண்டு றெக்கை, ஒரு வால். மர வேலை செய்தவர் ஓசூர்ப் பக்கத்து ஆசாரி ஒருவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களிடம் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மறுபடியும் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

“என்ன பாக்கற பிட்டரு? கட்டில்தான். நாலு கால் வக்கற எடத்துல ரெண்டு றெக்கை வச்சிருக்கேன். மத்தபடி கட்டில்தான்” என்றார்.

சின்னையா மூன்று வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தார். சீமையிலிருந்து வரவழைத்த படங்கள் சுவர் முழுவதும் ஒட்டியிருந்தன. அவருடைய கணக்கில் தவறு இருந்ததாக எனக்குத் தெரியாது. இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. என் வேலை சின்னச் சின்ன இரும்புகள். வால் ஆடுவதற்குக் கீல்கள், கம்பி இழுப்பதற்கு வளையங்கள், றெக்கையை உடம்போடு சேர்க்கும் காதுகள். காது என்பது விரல் நீள எஃகுத் தகடு. பாதியில் வளைந்திருக்கும். ஒரு பக்கம் மரத்தோடு முடுக்கப்படும். மறுபக்கத்து ஓட்டையில் றெக்கையைத் தாங்கும் கம்பின் முனை மாட்டும்.

வேலை தொடங்கும் அன்று சின்னையாவின் தாயார் வந்தார். கணவர் போன பிறகு நிலம் நீச்சு முழுவதையும் தாமே பார்த்துக்கொண்டவர். ஊருக்கே பெரியம்மா. மேஜை மேல் நான் பரப்பி வைத்திருந்த தகடுகளைப் பார்த்தார். மகனைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

“ஏப்பா, இதுல எது ஒடஞ்சா என் பையன் செத்துப் போவான்?”

பஸ் முதலாளிகள் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கேள்வி நேராக இருந்ததால் பதிலும் நேராகவே வந்துவிட்டது.

“இதுங்க” என்று காதுத் தகட்டைக் காட்டினேன்.

“எத்தினி?”

“நாலுங்க. றெக்கைக்கு ரெண்டு.”

“அப்ப அது நாலுலயும் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பி. பெருசாவே போடு.”

சின்னையா சிரித்தார். “போடுங்க பிட்டர். போடக்கூடாதுன்னு படத்துல எங்கயும் எழுதல.”

பலகையில் என்றால் ஆசாரி சாக்கட்டியால் போட்டுவிட்டுப் போவார். தகட்டில் சாக்கட்டி ஒரு நாள் நிற்காது. கை பட்டால் அழியும். பெரியம்மா நாளைக்கு வந்து சுழி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் சின்ன உளியால் வெட்டினேன். இரண்டு பக்கமும் மரத்துக்கும் கம்புக்கும் அடியில் மறைந்துவிடும், வளைவு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் என்பதால் வளைவு வரும் இடத்தில் வெட்டினேன். பெரிதாகப் போடச் சொன்னதால், சுழிக்குக் கீழே நீளமாகப் போகும் கோட்டை ஒரே அடியில் நேராகப் போட்டேன். சுழி என்றால் வேலைக்கு முன்னால் போடுவதுதானே? ஆகவே தகடு தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு வளைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே நல்ல காரணம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கெட்ட வேலை முட்டாள்தனத்தால் மட்டும் வருவதில்லை. நான்கு நல்ல காரணங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தாலும் வரும்.

காதுகளை மாட்டிய பிறகு பெரியம்மா வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். நல்லெண்ணெயில் குழைத்த குங்குமத்தை ஒவ்வொரு சுழியிலும் விரலால் வைத்து அழுத்துவார். “பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம், ப்ளேனுக்குக் குங்குமம்” என்றார் ஆசாரி. பெரியம்மா காதில் விழாதபடிதான் சொன்னார்.

கார்த்திகையில் கடலைக்காய் பிடுங்கி முடிந்ததும் விமானத்தை வெளியே இழுத்துச் சோதனை செய்தோம். றெக்கை வானத்தில் மேல்நோக்கித் தள்ளப்படும் என்பதால், விமானத்தை மல்லாக்கப் போட்டு, றெக்கை மேல் ராகி மூட்டைகளை அடுக்க வேண்டும் என்றார் சின்னையா. லாடம் அடிக்க மாட்டைத் தள்ளுவது போல நாங்கள் அதைப் புரட்டியதைப் பார்க்க ஊரே வந்தது. மூட்டைகளை அடுக்கினோம். றெக்கை வளைந்தது, கம்பு முனகியது, ஒன்றும் உடையவில்லை. சின்னையா அன்றைக்கே தை மாதத்தில் நல்ல நாள் பார்க்கச் சொன்னார்.

அந்த நாள் காலையில் நிலத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்ப் பெரியவர்கள், உறவுக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். சித்தேரியிலிருந்து மலைக்காரர்கள் தேனும் கடுக்காயும் விற்க இறங்கியவர்கள், விற்பதை விட்டுவிட்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், “இது மேல ஏறி வருமுங்களா? சாமை மூட்டை எறக்கறதுக்கு ஆவுமா?” என்று கேட்டார். ஆகாது என்றேன். “அப்ப எதுக்குங்க?” என்றார்.

பெரியம்மா வந்து புதுக் குங்குமம் வைப்பார் என்பதால் பழையதைத் துடைக்கப் போனேன். மூன்று காதுகள் துணி பட்டதும் வெள்ளையாகிவிட்டன. இடது றெக்கையின் முன் காதில் மட்டும், சுழியின் கீழ்க்கோடு முடியும் இடத்திலிருந்து சிவப்பாக ஒரு மயிரிழை போய்க்கொண்டிருந்தது. நான் அவ்வளவு நீளக் கோடு போடவில்லை.

சீமெண்ணெய் போட்டுத் துடைத்தேன். இழை மறைந்தது. அதன் மேல் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டு, ஒரு வெற்றிலை போடும் நேரம் காத்திருந்தேன். மேலே இருக்கும் கீறல் என்றால் துடைத்ததோடு போய்விடும். விரிசல் என்றால், உள்ளே குடித்ததை வெளியே கக்கும். வெள்ளையில் சிவப்பு இழை மெதுவாகத் திரும்பி வந்தது.

பந்தல் பக்கம் சின்னையா தோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு யாருக்கோ கையால் பறந்து காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு அடி வைத்தேன். போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவில் நான் “அது வந்துங்க” என்று நிற்பேன். திரும்பி வந்தேன்.

“ஆசாரி, றெக்கையைக் கொஞ்சம் தாங்குங்க” என்றேன்.

“எதுக்கு?”

“கொஞ்சம் தாங்குங்க.”

அவர் தோளைக் கொடுத்தார். நான் கம்பைக் காதோடு சேர்க்கும் ஊசியை உருவி, நட்டுகளைக் கழற்றி, காதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆசாரி கன்னடத்தில் ஏதோ சொன்னார். தோளை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் மூன்று வருஷ வேலை தரையில் விழும்.

சின்னையா வந்தார். காது இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எங்க அது?”

“பையிலங்க.”

“மாட்டுங்க.”

“விரிசல் விட்டிருக்குதுங்க.”

“அத்தனை ராகி மூட்டையைத் தாங்குச்சே. அது என்ன கணக்கு?”

“தாங்கினதுலதாங்க விட்டிருக்குது.”

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரே ஒரு தரம் பிட்டர். பனமர உசரம். எறங்கினதும் மாத்திடுங்க, நாலையும் மாத்திடுங்க. ஆத்தாகிட்ட மட்டும் சுழியில விட்டுச்சுன்னு சொல்லாதீங்க. சகுனம் சரியில்லன்னு இந்த ஜென்மத்துக்கு என்னை இதுல ஏற விடமாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. பனை உயரம் வரை அது தாங்கியிருக்கலாம். பெரியம்மா அதோடு எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். காது அதனிடத்திலேயே இருந்திருந்தால் அவர் பேசி என்னை ஜெயித்திருப்பார். பேச்சில் என்னை யாரும் ஜெயிக்கலாம். ஆனால் அது என் பையில் இருந்தது. பையில் இருக்கும் காதுக்கு வாதாட வேண்டியதில்லை. நான் பை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பெரியம்மா குங்குமத் தட்டோடு வந்துவிட்டார்.

“என்னாடா கூடிக்கிட்டு நிக்கறீங்க? ஆசாரி ஏன் றெக்கையைச் சொமந்துக்கிட்டு நிக்கறாரு?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஆத்தா. தாங்கச் சொன்னாங்க, தாங்கறேன்” என்றார் ஆசாரி.

நான் காதை எடுத்துப் பெரியம்மா கையில் கொடுத்தேன். சின்னையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் தேய்ந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் புதிதாகச் செய்யும் நான்கிலும் பெரியம்மா இன்னும் பெரிதாகச் சுழி போடச் சொல்வார் என்று தோன்றியது.

“சுழி வெட்டுன எடத்துலதாங்க விட்டிருக்குது” என்றேன்.

அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பின்னால் நின்ற உறவுக்காரர் ஒருவர், “பிள்ளையாரே வேண்டாங்கறாரு அக்கா” என்றார்.

“நீ சும்மா இரு” என்றார் பெரியம்மா. பிறகு என்னிடம், “நான் உன்னைச் சுழி போடத்தான சொன்னேன். வெட்டச் சொன்னனா?”

“இல்லீங்க.”

“கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சளை வெரல்ல தொட்டு வக்கறோம். கத்தியால கொண்டுபோய்க் குத்தறமா?”

“இல்லீங்க.”

“வெட்டாம போட்டா பிள்ளையாருக்குத் தெரியாதாமா? அவருக்கு என்ன கண்ணு மங்கலா?”

அவர் காதை மகன் கையில் வைத்தார். “வேற செய்யட்டும். செஞ்சப்புறம் ஏறு” என்றார். கூட்டத்தைப் பார்த்து, “இன்னிக்கு ஒண்ணும் பறக்கலீங்க. சோறு ஆயிருச்சு, எல்லாரும் வூட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போங்க” என்றார். மலைக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது, “சோத்துக்குத்தானுங்களா இது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சின்னையா சாப்பிடப் போகவில்லை. கிடங்குக்குள் போய்க் காதை வைஸில் பிடித்து, சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடித்தது போலக் கேட்கவில்லை. கதவைத் தட்டுகிற அளவுதான். இரண்டாகிவிட்டது. இரண்டு துண்டையும் என் மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. வேலை சம்பந்தமாக ஏதாவது வேண்டும் என்றால் ஆசாரியிடம் சொல்வார். ஆசாரி பக்கத்தில் நிற்கும் என்னிடம் திருப்பிச் சொல்வார். ஒருநாள் ஆசாரிக்குப் பொறுமை போய், இரண்டு பேரிடமும் கன்னடத்திலேயே பேசினார்.

நான்கு காதும் புதிதாகச் செய்தேன். கீறல் விழுந்தால் அங்கேதான் விரிசல் விடும் என்பதால், வளைக்கும் இடத்தைக் குறிக்க இரும்பு முனையைத் தொடவில்லை, பென்சில்தான். விளிம்புகளை அரம் போட்டு, பிறகு உப்புத் தாளால் வழவழப்பாகும் வரை தேய்த்தேன். பெரியம்மா வந்து மஞ்சளை விரலில் தொட்டு நான்கிலும் சுழி போட்டார். மறுநாளே அழிந்துவிட்டது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. மறுபடியும் மூட்டைகளை அடுக்கினோம். இறக்கிய பிறகு எண்ணெயும் சாக்கட்டியும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கக்கவில்லை.

இரண்டாம் தரம் பந்தல் இல்லை, உறவுக்காரர்கள் இல்லை. சாதாரண ஒரு காலை. ஆடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேர், ஆசாரி, பெரியம்மா, நான். சின்னையா ஏறுவதற்கு முன் என் முன்னால் வந்து நின்றார். அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“கழட்டறதுக்கு ஏதாச்சும் இருக்குதா பிட்டர்?”

விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு காதிலும், ஒவ்வொரு கீலிலும், ஒவ்வொரு ஊசியிலும் கை வைத்துப் பார்த்தேன். திரும்ப வந்து, “இல்லீங்க” என்றேன்.

தம்பிகளே, சந்தேகம் வந்தால் முதலில் கழற்றுங்கள், பிறகு பேசுங்கள். அது ஒரு பாடம், அது சுலபம். ஸ்பேனர் இருந்தால் போதும். ‘இல்லீங்க’ என்று சொல்வதுதான் கஷ்டம். கழற்றினால் தவறு உங்கள் கையில் இருக்கும், காட்டலாம். ‘ஒன்றும் இல்லை, போங்கள்’ என்று சொன்னால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது. நாள் முழுவதும் நட்டு முடுக்குவது நம் வேலையின் சின்னப் பகுதி. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சம்பளம்.

எஞ்சின் பிடித்தது. விமானம் கடலைக்காய் நிலத்தில் குதித்துக் குதித்து ஓடியது. பிறகு குதிக்கவில்லை. பனை உயரத்தில், மலையைப் பார்த்துப் போய், மெதுவாகத் திரும்பியது. திரும்பும்போது இடது றெக்கை தாழ்ந்தது. அவ்வளவு தூரத்தில் காது தெரியாது என்று தெரிந்தும் நான் காதையே பார்த்தேன்.

பக்கத்தில் ஏதோ சரியாக இல்லை என்று தோன்றியது. கடைக்கண்ணால் பார்த்தேன். பெரியம்மா விமானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் போகிற பக்கம் அவர் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. நான் குனிந்தால் அவர் என்ன நினைப்பார் என்பதால் குனிய முடியவில்லை. கண்ணைக் கொட்டவும் பயமாக இருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வானத்தைப் பார்த்தபடி அப்படியே வைத்துக்கொண்டேன். சத்தம் குறைந்தது. சக்கரம் தரையைத் தொட்டது. வால் கட்டை ஒரு சால் உழுதுகொண்டு வந்து நின்றது.

“எறங்கிட்டானா?” என்று கேட்டார்.

“எறங்கிட்டாருங்க.”

அதற்குப் பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

இதை எழுதி முடித்தது விரோதி வருஷம் ஐப்பசி மாதம் 12ந் தேதி.